கதையைச் சொல்லாமல் டிக்கெட் விற்கிறார்கள்: டர்பனில் ஒரு தமிழ்ப்படச் சேவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ப்படத்தைத் தியேட்டரில் பார்க்க இரண்டு வழி உண்டு. பெரிய நடிகர் படம் என்றால் மால்களில் இருக்கும் தியேட்டர்களே எடுத்து ஒரு வாரம் ஓட்டும், கூட்டம் வந்தால் இன்னொரு வாரம். மற்ற படங்களுக்கு, இங்கேயே இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஸ்கிரீனை வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் இரண்டு மூன்று காட்சி போட்டு, வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஆள் சேர்ப்பார்கள். அப்படி ஒரு சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. முன்பு அவர்கள் அடித்த கூத்தையும் சொல்லப் போகிறேன், இப்போது ஓரளவு திருந்தியிருக்கிறார்கள், பிழைக்கிற பிள்ளைகளின் பெயரை எதற்கு இழுக்க வேண்டும்?

அடிப்படை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். டிக்கெட் 120 ரேண்ட், குழந்தைகளுக்கு 80. வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் என்று சொல்லி, பணத்தை வங்கிக் கணக்கு வழியாக (இ.எஃப்.டி.) போட்டு, ஸ்லிப்பை அனுப்பினால் சீட் எண் வரும். பணம் போட்ட பிறகு பதில் வர அரை நாள் ஆகும், பதற வேண்டாம், வந்துவிடும். ஹால் நன்றாக இருக்கிறது, சவுண்ட் சில நேரம் காதைப் பிளக்கும். இடைவேளையில் வாசலில் ஒரு குடும்பம் சமோசாவும் சில்லி பைட்ஸும் விற்கிறது, தியேட்டர் பாப்கார்னை விட அது எவ்வளவோ மேல். ஃபீனிக்ஸிலிருந்தும் வெருலத்திலிருந்தும் வருகிறவர்கள் சாயங்காலக் காட்சிக்குச் சீக்கிரம் கிளம்புங்கள், பார்க்கிங் சிரமம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் படத்தை எப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் நான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒரு காலத்தில் இவர்கள் குழுவில் இருந்ததாலேயே எனக்குப் பல படங்கள் பாழாயின. பொழுதுபோக்கை விற்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: படத்தில் எது மிக நன்றாக இருக்கிறதோ அதையே எடுத்துக் காட்டி ஆளை வரவழைக்கப் பார்ப்பார்கள். மிக நன்றாக இருப்பது பெரும்பாலும் பின்பாதியில் இருக்கும், அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில். அதை வெள்ளிக்கிழமை காலையிலேயே போஸ்டரில் போட்டுவிட்டால் சனிக்கிழமை வருகிறவன் எதற்கு வருகிறான்?

பழைய செய்தி ஒன்று எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். படத்தின் பெயர் வேண்டாம், விவரத்தையும் மாற்றியிருக்கிறேன், ஆனால் தொனி இதேதான்: "குடும்பத்தோடு பார்க்க வேண்டிய அண்ணன் தங்கை காவியம்! தங்கைக்காக அண்ணன் பழியை ஏற்றுக்கொள்ளும் கடைசி இருபது நிமிடம் உங்களைக் கதற வைக்கும்! கைக்குட்டையோடு வாருங்கள்!" அடியில் அழுகிற முகம் வரிசையாக ஆறு. இதைப் படித்தவனுக்கு இரண்டு மணி நேரமும் ஒரே வேலைதான்: அண்ணன் எப்போது பழியை ஏற்றுக்கொள்வான் என்று கடிகாரத்தைப் பார்ப்பது. நடுவில் போலீஸ் வருகிறது, ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், யார் செய்தது என்று இயக்குநர் பாவம் பாடாய்ப் படுகிறார், நமக்கோ எல்லாம் தெரியும்.

இதில் இவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. டர்பனில் இருப்பவர்களுக்கு நேரமே எதிரி. இந்தியா நம்மை விட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 2023இலிருந்து தமிழ்நாட்டில் முதல் காட்சி பொதுவாகக் காலை 9 மணிக்குத்தான் என்று ஆகிவிட்டது, அப்போது இங்கே விடிகாலை ஐந்தரை. ஆனால் கேரளாவிலும் கர்நாடகாவிலும் அதற்கு முன்பே காட்சி தொடங்கிவிடும், அமெரிக்காவில் முந்தின நாள் சாயங்காலமே பிரீமியர் முடிந்துவிடும். ஆக, நான் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடக் கிளம்பும் நேரத்துக்கு எக்ஸ் தளத்தில் இடைவேளை விமர்சனம் வந்து விழுந்திருக்கும். "ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ" என்று மட்டும் போட்டால் தொலைந்து போகிறது, இடைவேளைக் காட்சியையே போனில் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். இந்தியாவில் 2023இல் திருத்திய சினிமா சட்டப்படி தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் யார் கையையும் பிடித்து நிறுத்தியதாகத் தெரியவில்லை. நம்மூர்க் காட்சியோ சனிக்கிழமை மாலை. அதற்குள் உலகம் முழுக்கப் பார்த்துவிட்டுப் பேசி முடித்திருக்கும்.

இந்த நிலையில் உள்ளூரில் படம் போடுகிறவர்களாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் இல்லையா. இவர்களோ வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் அப்படியே குழுவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சென்னை யூடியூப் விமர்சனம், ரசிகர் மன்றப் போஸ்டர், யாரோ எடுத்த கிளிப், எல்லாம். பத்துப் பேர் கத்தி, சிலர் குழுவை விட்டே போன பிறகுதான் நிறுத்தினார்கள்.

இப்போது என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன், இதற்காகத்தான் இந்த மதிப்புரையே. குழுவில் செய்தி எழுதும் வேலையை ஒரே ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு விதி: படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அறிவிப்பை எழுதி முடித்துவிட வேண்டும், பார்த்த பிறகு அதில் ஒரு சொல்லைக் கூட மாற்றக் கூடாது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பார்க்காத ஆள் எப்படி எழுதுவது? ஆனால் யோசித்தால் அதுதான் சரி. கதையை வெளியே விடுபவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு விடுவதில்லை, படம் பிடித்துப்போன உற்சாகத்தில்தான் விடுகிறார்கள். பார்க்காதவரிடம் அந்த உற்சாகமும் இல்லை, கொட்டுவதற்கு ரகசியமும் இல்லை. டிரெய்லரில் வந்த அளவுதான் அவருக்கே தெரியும், அதிலும் பாதியைத்தான் எழுதுகிறார்.

அதே அண்ணன் தங்கைப் படம் இப்போது வந்தால் அறிவிப்பு இப்படி இருக்கும்: "மலையோர ஊர். அண்ணன் லாரி ஓட்டுகிறான். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வாரத்தில் ஒரு போலீஸ்காரர் வீட்டைத் தேடி வருகிறார். 2 மணி 24 நிமிடம். ஆங்கில சப்டைட்டில் உண்டு. சனி மாலை 5, ஞாயிறு மதியம் 2." இவ்வளவுதான். போலீஸ்காரர் எதற்கு வருகிறார் என்பதற்காகவே நான் பணம் கட்டுவேன். அழுகிற முகம் ஒன்று கூட இல்லை. "குடும்பக் காவியம்", "கண்ணீர்", "நெஞ்சை உலுக்கும்" எதுவும் இல்லை. அந்தச் சொற்கள் வெறும் அலங்காரம் என்று நினைப்போம், அவையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சிரிப்புப் படம் மாதிரி தொடங்கி வேறெங்கோ போகிற படத்துக்கு "கண்ணீர்" என்று போட்டால் முதல் பாதி நகைச்சுவையில் யாராவது மனம் விட்டுச் சிரிப்பார்களா?

அறிவிப்போடு போடும் போட்டோக்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இப்போது கவனம் வந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு படத்துக்குத் தயாரிப்புத் தரப்பே அனுப்பிய ஸ்டில்லை இவர்கள் போடாமல் நிறுத்தி வைத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஏன் என்று இதை நடத்தும் தம்பியிடம் கேட்டேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், பாட்டியிடமும் படங்களிலிருந்தும் தமிழ் கற்றவர், பேசும்போது பாதி ஆங்கிலம் கலந்துதான் வரும். "அங்கிள், அந்த போட்டோவில் கதாநாயகி சாப்பாடு பரிமாறுகிறாள், அழகான போட்டோதான். பின்னால் சுவரைப் பாருங்க" என்றார். போனில் பெரிதாக்கிக் காட்டினார். சுவரில் அப்பாவாக நடித்தவரின் படம், அதற்குச் சந்தன மாலை, கீழே ஒரு சின்ன விளக்கு. படத்தில் அந்த அப்பா இடைவேளை வரை உயிரோடு நடமாடுகிறார். தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த மாலை ஒன்று போதும், ஒரு எழுத்தும் எழுத வேண்டியதில்லை. அந்த ஸ்டில்லை வெளியிட்ட சென்னைக்காரர்கள் யாரும் சுவரைப் பார்க்கவில்லை, சாட்ஸ்வர்த் பையன் பார்த்திருக்கிறான். எனக்கு அன்றைக்குத்தான் இவர்கள் மேல் உண்மையான மரியாதை வந்தது.

நடிகர் பட்டியலும் இப்படித்தான். ஒரு பெரிய நடிகரின் பெயர் போஸ்டரில் ஓரமாகச் சின்ன எழுத்தில் இருக்கிறது, முதல் பாதியில் அவர் பக்கத்து வீட்டுக்காரராக இரண்டு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார் என்றால், கொலை செய்தது யார் என்று என் பத்து வயது மகள் கூடச் சொல்லிவிடுவாள், அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் காபி குடிக்கவா வந்தார் என்று. கௌரவ வேடத்தில் வருகிறவரை முன்கூட்டியே அறிவிப்பதும் அதே வகை. அறிவித்தால் டிக்கெட் விற்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் திரையில் வந்து நிற்கிற நொடியில் தியேட்டர் எழுந்து கத்துவது அறிவிக்காமல் விட்டால்தான் நடக்கும். இப்போது இவர்கள் அறிவிப்பில் நாயகன், நாயகி, இயக்குநர், இசை, அவ்வளவுதான் போடுகிறார்கள். மற்றவர்களைப் போடாதது அந்த நடிகர்களுக்கு அநியாயம் என்று ஒருவர் குழுவில் சண்டை போட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது, சின்ன நடிகர்களுக்குப் பெயர் வருவதே அபூர்வம். ஞாயிறு இரவுக் காட்சி முடிந்த பிறகு முழுப் பட்டியலையும் பாராட்டோடு போடுவது என்று சமரசம் ஆனது.

பிடித்த இன்னொரு விஷயம், எச்சரிக்கைகள். கதையைச் சொல்லக் கூடாது என்று ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளவும் முடியாது, அது வேறு விதமான கொடுமை. இந்த நாட்டில் திரைப்படம் மற்றும் வெளியீடுகள் வாரியம் (FPB) ஒவ்வொரு படத்துக்கும் வயதுத் தரம் கொடுப்பதோடு, வன்முறை, கெட்ட வார்த்தை, போதை, பாலியல் வன்முறை என்று எது இருக்கிறதோ அதற்கு ஒரு எழுத்தும் போடும். அந்த எழுத்துகளை இவர்கள் அறிவிப்பின் அடியில் தவறாமல் போடுகிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அதுவும் கொஞ்சம் கதையைக் காட்டிக் கொடுப்பதுதான். கிராமத்துக் காதல் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பாலியல் வன்முறை என்ற எழுத்தைப் பார்த்தால் கதை எங்கே போகும் என்று மனது கணக்குப் போட ஆரம்பிக்கும். இருந்தாலும் அது இருக்கத்தான் வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்தத் தகவல் என் சுவாரசியத்தை விட முக்கியம்.

அதற்கும் மேலே தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இருக்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர், அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் வாரியத்தின் எழுத்து போதாது. அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: குழுவில் எதுவும் கேட்காமல் தனியாக "1" என்று ஒரு செய்தி அனுப்பினால், படம் பார்த்த ஒருவர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். அவர் அறிவிப்பு எழுதும் பெண் அல்ல, வேறு ஆள். நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், குழந்தை சாகுமா, ஆமாம் அல்லது இல்லை, எப்போது எழுந்து வெளியே போனால் பார்க்காமல் தப்பிக்கலாம் என்பது வரை. என் மனைவியின் தோழி ஒருவர் இதைப் பயன்படுத்தினார். இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தார், படத்தை ரசித்தார். குழுவில் இருந்த மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை கோடி போட்டு விளம்பரம் செய்யும் கம்பெனிகள் யாருக்காவது இது தோன்றியிருக்கிறதா?

குழு விதிகளுக்கு வருவோம். புதன்கிழமை வரை கதை பேசக் கூடாது. பேசினால் முதலில் செய்தியை அழிப்பார்கள், மறுபடி செய்தால் வெளியே போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பை விட டெலிகிராம் இதற்கு வசதி, அங்கே எழுத்தை மங்கலாக மறைத்து வைக்கலாம், தொட்டால்தான் தெரியும், 2021 கடைசியிலிருந்தே அந்த வசதி உண்டு. ஆனால் டர்பன் ஆன்ட்டிகளை டெலிகிராமுக்கு மாற்றுவது நடக்கிற காரியமா? வாட்ஸ்அப்பிலேயே புள்ளி புள்ளியாக இருபது வரி விட்டு அதற்குக் கீழே எழுதுகிறார்கள், "மேலும் படிக்க" என்று மடிந்துகொள்ளும், அது போதும். பிரச்சினை வாய்ஸ் நோட்டில்தான். எழுத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தப்பிக்கலாம், வாய்ஸ் நோட்டில் அடுத்த நொடி என்ன வரும் என்று தெரியாது. "நான் கதை சொல்ல மாட்டேன்பா" என்று தொடங்கித்தான் எல்லோரும் கதை சொல்கிறார்கள். புதன் வரை வாய்ஸ் நோட்டுக்கே தடை போட வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், பெரியவர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள் என்று தம்பி மறுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்வது தப்பு.

புதன் ஏன் என்று கேட்கலாம். ஞாயிறோடு காட்சி முடிகிறதே, திங்களே பேசலாமே? இங்கே விரதம் இருப்பவர்கள் அதிகம். புரட்டாசியிலும், காவடிக்கு முன்பும், புனித வெள்ளியில் தீமிதி வருமே அதற்கு முன்பும் வீட்டில் டிவி கூடப் போடாதவர்களை எனக்குத் தெரியும். அப்படி வார இறுதியில் வர முடியாதவர்கள் போதுமான அளவு சேர்ந்தால் செவ்வாய் இரவு ஒரு காட்சி கூடுதலாகப் போடுவார்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கூட வருவார்கள். அதுவரை பொறுக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகும் ஓடிடியில் பார்க்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நாலைந்து வாரத்தில் வந்துவிடும் என்று. அவர்களுக்காக எல்லோரும் ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது சாத்தியமில்லை. தியேட்டருக்கு வராதவர் குழுவை மியூட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

சப்டைட்டில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த ஊரில் அதுதான் உயிர். இங்கே பிறந்த தமிழர்களில் நிறையப் பேர் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள், கீழே எழுத்து ஓடாவிட்டால் படம் புரியாது. நகைச்சுவைக் காட்சியில் என்ன நடக்கும் தெரியுமா, எழுத்து ஒரு நொடி முன்னால் வந்துவிடும், படித்தவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் வசனம் அமுங்கிப்போய்த் தமிழ் தெரிந்த நாங்கள் "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் கேட்போம். அது பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் ஒரு மர்மப் படத்தில், போனில் முகம் தெரியாத ஒருவன் மிரட்டுகிறான், குரலையும் மாற்றியிருக்கிறார்கள், அவன் யார் என்பதுதான் முழுப் படமும். சப்டைட்டிலில் பேசுகிறவரின் பெயரை முன்னால் போட்டு இரட்டைப்புள்ளி வைத்து வசனத்தைப் போட்டுவிட்டார்கள்! பத்தாவது நிமிடத்தில் ஹாலில் பாதிப் பேர் "ஓ" என்றார்கள். மீதிப் பாதிக்கு எதற்கு "ஓ" என்று புரியவில்லை. அது இவர்கள் செய்த பிழையில்லை, சப்டைட்டில் போட்டவர்கள் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு இவர்கள் முதல் நாளே சப்டைட்டிலோடு ஓட்டிப் பார்க்கிறார்களாம். திருத்த முடியாவிட்டாலும், வாங்கிய இடத்தில் சொல்லி வேறு கோப்பு கேட்க நேரம் கிடைக்கும் என்கிறார்கள்.

எல்லோரும் என் கட்சி இல்லை. என் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு முழுக் கதையும் தெரியாமல் டிக்கெட் வாங்கவே பிடிக்காது. "எனக்கு முடிவு நல்லா இருக்கா சொல்லு, இல்லாட்டி நான் வரலை" என்பார். "1" அனுப்புவதில் அவர்தான் முதல் ஆள். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்தில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர், இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். "பாண்டவர் ஜெயிப்பாங்கன்னு தெரியாமலா ராத்திரி முழுக்க உக்காந்து பார்த்தாங்க?" என்று கேட்கிறார். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. கரும்புத் தோட்ட வேலைக்கு 1860இலிருந்து கப்பலில் இங்கே வந்தவர்கள் கொண்டுவந்த கதைகள் எல்லாமே முடிவு தெரிந்த கதைகள்தான், அதை யார் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்களும் ஆன்ட்டி பக்கம்தான் போலிருக்கிறது. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள், முடிவை முன்பே சொல்லிக் கொடுத்தவர்களுக்குக் கதை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

சரி, இருக்கட்டும். அதற்காக எனக்கு முடிவைச் சொல்லும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. ஆன்ட்டி கேட்டுத் தெரிந்துகொள்கிறார், நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை பார்ப்பது எனக்கும் பிடிக்கும், முதல் தடவை எங்கெங்கே ஏமாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் தெரியாமல் பார்க்கும் அந்த முதல் தடவை ஒன்றே ஒன்றுதான், அதை விளம்பரக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டால் திருப்பித் தர முடியாது. அந்தச் சோதனையும் சிறுகதை படித்தவர்களை வைத்துச் செய்தது. இருநூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே நொடியில் மூச்சைப் பிடிக்கும் தியேட்டரை வைத்து யாராவது சோதித்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆன்ட்டியும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்து இருவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறோம் என்றால் அதற்கு இந்தச் சேவையின் இரட்டை வழிதான் காரணம்.

இன்னும் திருந்த வேண்டியவை இருக்கின்றன. ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துவது வேறு ஒரு பையன், அவனுக்கு வாட்ஸ்அப் விதி எதுவும் எட்டவில்லை போல. "யாரும் எதிர்பார்க்காத ட்விஸ்ட்!" என்று போடுவதை அவன் இன்னும் விடவில்லை. ட்விஸ்ட் இருக்கிறது என்று சொல்வதே கதையைச் சொல்வதுதான் என்பது அவனுக்குப் புரியவில்லை. இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் காட்சியிலிருந்து ஒவ்வொருவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம், நல்லவனாக வருகிறவனை நம்ப மறுக்கிறோம். கருத்துப் பகுதியை அவன் பார்ப்பதும் இல்லை. போஸ்டருக்குக் கீழே முதல் கருத்தே யாராவது சென்னையிலிருந்து எழுதிய முடிவாக இருக்கும், இரண்டு நாள் அப்படியே கிடக்கும். ரீல்ஸுக்கு உள்ளூர் இளைஞர்களை இலவச டிக்கெட் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், அவர்கள் படம் முடிந்து வெளியே வந்த கையோடு கேமராவுக்கு முன் நின்று பேசுகிறார்கள். வெளியே வருகிறவரின் முகம் மட்டும் போதுமே, சிரிக்கிறாரா, தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்று. வாயைத் திறக்க விடாதீர்கள் தம்பி.

தாமதமாக வருகிறவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். 1960இல் ஹிட்ச்காக் தன் 'சைக்கோ' படத்துக்குத் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு உத்தரவு போட்டார், அதையே விளம்பரமாகவும் ஆக்கினார். கதையில் ஒரு வரி கூடச் சொல்லாமல் ஊரையே வரிசையில் நிற்க வைத்த விளம்பரம் அது. நம் சேவையில் முக்கால் மணி நேரம் கழித்து ஆறு பேர் கொண்ட குடும்பம் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறது, உட்கார்ந்ததும் பின்வரிசையில் இருப்பவரிடம் இதுவரை என்ன ஆச்சு என்று கேட்கிறது, அவரும் உரக்க விளக்குகிறார். முன்பு பார்த்தவர் என்றால் இனி வரப்போவதையும் சேர்த்து. முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு இடைவேளை வரை கதவைச் சாத்துங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிங் பிரச்சினையைத் தீர்க்காமல் அதைச் செய்ய முடியாது என்கிறார்கள். அதுவும் சரிதான்.

டர்பனில் இதற்கு முன் இப்படி யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவலான், ஷாஜஹான் என்று கிரே தெருப் பக்கம் தியேட்டர்கள் நிறைந்திருந்த காலத்தில், பயாஸ்கோப்புக்குப் போவது என்றால் சூட் போட்டுக்கொண்டு போவார்களாம், டிவி வந்ததே 1976இல்தான். அப்போது கதை கசிய வழியே குறைவு, பார்த்துவிட்டு வந்தவர் சொன்னால்தான் உண்டு. அந்தக் காலத்தவர்கள் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், புதன் வரை பொறுங்கள் என்றால் முணுமுணுக்காமல் பொறுக்கிறவர்களும் அவர்கள்தான். வாய்ஸ் நோட்டில் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைந்த ஒன்றில் பாதி அந்த ஃபேஸ்புக் பையனுக்கு, மீதிப் பாதி பார்க்கிங்குக்கும் ஏசிக்கும். சேர விரும்புகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சேருங்கள், ஃபேஸ்புக் பக்கத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். படம் வெளியாகும் வாரம் யூடியூப் பக்கமும் போகாதீர்கள், வீடியோவைத் திறக்க வேண்டியதே இல்லை, முகப்புப் படத்திலேயே முடிவைப் போட்டுவிடுகிறார்கள். எக்ஸில் படத்தின் பெயரையும் நாயகனின் பெயரையும் மியூட் சொற்களில் போட்டு வையுங்கள், ரசிகர்கள் வைத்த பட்டப் பெயரையும் சேர்த்து, இல்லாவிட்டால் அந்த வழியாக வந்துவிடும். ஞாயிறு மதியக் காட்சிக்குக் கூட்டம் குறைவு, குழந்தைகள் சத்தமும் குறைவு. ஹாலில் ஏசியை எவ்வளவு சொன்னாலும் குறைப்பதில்லை, வயதானவர்களைக் கூட்டிப் போனால் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். சமோசா இடைவேளை தொடங்கி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.